மறதியை வென்ற ஏடு: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு

பத்தாண்டுகளுக்கு முன்னர் இதே நாளில் என்ன செய்தீர், யாரோடு பேசினீர், அரிசி என்ன விலைக்கு வாங்கினீர் என்று ஒருவரைக் கேட்டால் அவர் திகைத்து நிற்பார். நினைவாற்றல் குறைந்தவர் என்பது அதற்குக் காரணமன்று. தம் திருமணத்தையும், தந்தையார் மறைந்ததையும், வெள்ளம் வந்து வீடு இழந்ததையும் அவர் நன்றாகவே நினைவில் வைத்திருப்பார். ஆனால் வாழ்நாள் என்பது திருமணத்தாலும் மரணத்தாலும் வெள்ளத்தாலும் மட்டும் ஆனதன்று. அவற்றுக்கு இடையே பல்லாயிரம் சாதாரண நாள்கள் கிடக்கின்றன. மனிதன் உண்மையில் வாழ்ந்தது அந்த நாள்களிலேதான். அவையே முதலில் மறைந்து போகின்றன.

வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மகிழ்ச்சியில் மூழ்கிக் கடமையை மறக்கும் மறதியை அவர் அங்குக் கடிந்தார். அது ஒழுக்கத்தைச் சார்ந்த மறதி. முயன்றால் திருத்திக்கொள்ளத் தக்கது. இங்குக் கூறப்படும் மறதி வேறு. தலைக்கு நரை வருவது போல மனத்துக்கு இயல்பாக வருவது அது. உறுதியால் மட்டும் அதனைத் தடுக்க இயலாது. எழுத்தால் ஓரளவு தடுக்கலாம். இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறு எழுதி வந்த தமிழர் ஒருவர் உண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையே அவர்.

மறதியின் போக்கு

பிள்ளையவர்களின் ஏட்டுக்குச் செல்லுமுன், மறதியைப் பற்றி அறிஞர் கண்ட மூன்று உண்மைகளை அறிந்துகொள்ளுதல் நலம்.

செருமானிய அறிஞர் எபிங்கவுஸ் என்பார் பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, நாளாக ஆக அவற்றில் எவ்வளவு எஞ்சுகின்றது என்று தம்மையே சோதித்துக்கொண்டார். அதன் முடிவுகளை 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். மீண்டும் கற்பதில் மிச்சப்படும் நேரத்தை அவர் அளவுகோலாகக் கொண்டார். அந்த அளவுப்படி, ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் நழுவிற்று. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு போயிற்று. பின்னர் மறதியின் வேகம் தணிந்தது. ஒரு மாதம் கழிந்த பின்னும் ஐந்தில் ஒரு பங்கு நின்றது. பொருளுள்ள செய்திகள் இத்துணை விரைவில் மறப்பதில்லை. ஆயினும் இழப்பு முதல் நாளிலேயே மிகுதி என்பது குறிக்கத்தக்கது. நாட்குறிப்பை அன்றன்றே எழுத வேண்டும் என்பதற்கு இதுவே அடிப்படை.

அமெரிக்க உளநூலார் மேரிகோல்ட் லின்டன் என்னும் அம்மையார் 1972ஆம் ஆண்டு தொடங்கி ஆறு ஆண்டுகள், நாள்தோறும் தம் வாழ்வில் நிகழ்ந்தவற்றுள் இரண்டையேனும் சீட்டில் எழுதி வைத்தார். அவ்வாறு சேர்ந்த குறிப்புகள் 5,500க்கு மேற்பட்டன. மாதந்தோறும் அவற்றிற் சிலவற்றை எடுத்துத் தம் நினைவைச் சோதித்தார். முதன்முறை நிகழ்ந்தது தெளிவாக நின்றது. அதே போன்று பலமுறை நிகழ்ந்தவை ஒன்றோடொன்று கலந்து, பொதுவானதொரு நினைவாக மாறிவிட்டன. ஒரு குழுவின் கூட்டங்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றவருக்குக் கூட்டம் என்றால் எப்படி இருக்கும் என்பது நினைவிருக்கும். எந்தக் கூட்டத்தில் எது நடந்தது என்பது மறந்துவிடும்.

ஆலந்து நாட்டு அறிஞர் வாகெனார் என்பார் ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,400 நிகழ்ச்சிகளை எழுதி வைத்தார். ஒவ்வொன்றுக்கும் யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கையும் தனித்தனியே குறித்தார். பின்னர் அவற்றுள் ஒன்றை மட்டும் பார்த்து, மற்றவற்றை நினைவுகூர முயன்றார். 1986ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முடிவு இது: என்ன நடந்தது என்பதைச் சொன்னால் மனம் மற்றவற்றைத் தேடி எடுக்கின்றது, எப்போது என்பதை மட்டும் சொன்னால் ஏறத்தாழ ஒன்றுமே நினைவுக்கு வருவதில்லை.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஒன்று விளங்கும். மனம் நிகழ்ச்சியைக் காக்கின்றது, நாளைக் கைவிடுகின்றது. புதுமையைக் காக்கின்றது, வழக்கத்தைக் கைவிடுகின்றது. மனம் கைவிடும் இவ்விரண்டையும் ஏந்திக்கொள்வதே நாட்குறிப்பின் தொழில்.

நள ஆண்டு ஆவணித் திங்கள் 25

ஆனந்தரங்கப் பிள்ளை 1709ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் பெயர் திருவேங்கடம் பிள்ளை. உறவினராகிய நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாஷியாக விளங்கினார். அவர் அழைப்பின் பேரில் அக்குடும்பம் புதுச்சேரியில் குடியேறிற்று. துபாஷி என்பவர் இருமொழி அறிந்தவர். வெள்ளையருக்கும் நாட்டாருக்கும் இடையே நின்று பேச்சையும் வாணிகத்தையும் நடத்துபவர்.

அப்பதவி செல்வம் தருவது; இடரும் தருவது. நைனியப்ப பிள்ளை 1716ஆம் ஆண்டில் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார்; 1717இல் சிறையிலேயே உயிர் துறந்தார். அவர்மீது விதித்த தண்டனை தவறானது என்று 1720ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் முடிவாயிற்று. நீதி வந்தது, அதனைக் காண அவர் இல்லை. யார் என்ன சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்பது ஒரு மனிதனின் உயிரையே தீர்மானிக்கும் என்பதைக் குடும்பத்திலேயே கண்டு வளர்ந்த ஒருவர், பேச்சையும் நாளையும் எழுதி வைக்கும் பழக்கத்தை மேற்கொண்டதில் வியப்பில்லை.

நள ஆண்டு ஆவணித் திங்கள் 25ஆம் நாள், வியாழக்கிழமை. ஐரோப்பியக் கணக்கில் 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6. அன்று தம் 27ஆம் வயதில் அவர் ஏட்டைத் தொடங்கினார். காதால் கேட்பன, கண்ணால் காண்பன, கப்பல்களின் வரவு, அவற்றின் போக்கு, நேரும் புதுமைகள் ஆகியவற்றை எழுதி வைப்பதே தம் கருத்து என்று தொடக்கத்திலேயே கூறுகின்றார். நாடாள்வோரைப் பற்றி எழுதப் போவதாகவோ, பின்வருவோருக்கு வரலாறு விட்டுச் செல்லப் போவதாகவோ அவர் கூறவில்லை. ஒரு வணிகர், தம் கண்ணையும் காதையும் நம்பி, நாளுக்கு நாள் எழுதத் தொடங்கினார், அவ்வளவே.

சிறியதும் பெரியதும்

அவர் எழுதிய ஆண்டுகளோ தென்னாடு முழுவதும் தலைகீழாகப் புரண்ட ஆண்டுகள். துய்மா என்பார் புதுச்சேரி ஆளுநராக இருந்த நாளில், 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1740இல் மராட்டியர் படையெடுப்பில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலி மாண்டார். அவர் குடும்பத்தார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். 1742இல் துய்ப்ளே ஆளுநரானார். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்தது. 1748இல் ஆங்கிலத் தளபதி போஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டு வெற்றி காணாது திரும்பினார். 1750இல் நாசர் சங்கு கொல்லப்பட்டார். 1754இல் துய்ப்ளே திரும்ப அழைக்கப்பட்டுக் கப்பலேறினார். இவை யாவும் வரலாற்று நூல்களிலே உள்ளவை. இவற்றுக்கு மட்டும் பிள்ளையின் ஏடு வேண்டுவதில்லை.

ஏட்டின் அருமை வேறிடத்தில் இருக்கின்றது. துணிப்பொதிகள் எத்தனை வந்தன, எவர் சரக்கு தள்ளுபடியாயிற்று, எந்தக் கப்பல் எவ்வூருக்குப் பாய் விரித்தது, எவர் வீட்டு மணத்துக்கு எவர் சென்றனர், வரிசை எப்படி வைக்கப்பட்டது, ஆளுநர் அன்று காலையில் சிரித்த முகத்தோடு இருந்தாரா, கடுகடுத்திருந்தாரா என்பனவெல்லாம் அங்கே கிடக்கின்றன. தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தபோது, சாவு வீட்டின் சடங்குகள், சொத்துக்காக உறவினர் இட்ட வழக்கு, அப்பதவிக்காகப் பலர் போட்டியிட்ட சூழ்ச்சி ஆகிய மூன்றும் நாள்வாரியாக ஏட்டில் வளர்கின்றன. அப்பதவி 1747இல் பிள்ளையவர்களுக்கே கிடைத்தது.

உரையாடல்களை அவர் எழுதும் முறை குறிப்பிடத்தக்கது. ஆளுநர் இப்படிக் கேட்டார், தாம் இப்படி விடை கூறினார், அதற்கு அவர் இப்படி மொழிந்தார் என்று படிப்படியாக எழுதிச் செல்கின்றார். வீடு திரும்பியதும் அன்றைய பேச்சை மனத்துள் மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் அன்றி இவ்வாறு எழுத இயலாது. எழுதுதல் என்பதே இரண்டாம் முறை வாழ்தல். நாட்குறிப்பு நினைவை வளர்க்கும் வழிகளுள் இது முதன்மையானது: எழுதிய தாளை மீண்டும் புரட்டாவிடினும், எழுதும்பொழுது மனம் அன்றைய நாளின் வழியே மறுபடியும் நடந்து வருகின்றது.

1748ஆம் ஆண்டு செப்டம்பரில், முற்றுகையின் நடுவே, புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சு ஆட்சியாரால் இடிக்கப்பட்டது. அவ்வூர் மக்களுக்கு அது ஆறாத புண். அந்நாள்களைப் பற்றிப் பிள்ளை எழுதியிருக்கும் பகுதியில் ஊர்ப் பெரியோரின் பதைப்பும் அவருடைய இக்கட்டான நிலையும் ஒருங்கே தெரிகின்றன. அவர் ஆளுநரின் நம்பிக்கைக்கு உரியவர். அதே வேளையில் ஊராரில் ஒருவர். பின்னாளில் நினைந்து எழுதியிருந்தால், தம் செயலை நியாயப்படுத்தும் ஒழுங்கானதொரு கதையாக அது அமைந்திருக்கக்கூடும். அன்றன்று எழுதியதால் குழப்பம் குழப்பமாகவே நிற்கின்றது. அதுவே அதன் உண்மை.

நாளும் நாழிகையும்

மனம் முதலில் இழப்பது நாளை என்று மேலே கண்டோம். பிள்ளையின் ஏடோ நாளிலேயே தொடங்குகின்றது. தமிழ் ஆண்டின் பெயர், திங்கள், நாள், கிழமை, அதனோடு ஐரோப்பியத் தேதி ஆகியவற்றைக் குறிக்கின்றார். நிகழ்ச்சி நேர்ந்த பொழுதை நாழிகைக் கணக்கிலும் சுட்டுகின்றார்.

இதன் பயனுக்கு ஒரு சான்று காட்டலாம். சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான நாள் எது? பிரெஞ்சுக் கணக்கு 1746ஆம் ஆண்டு செப்டம்பர் 21 என்னும். ஆங்கிலேயர் கணக்கு செப்டம்பர் 10 என்னும். இரண்டும் ஒரே நாள்தான். ஆங்கிலேயர் 1752ஆம் ஆண்டு வரை பழைய நாட்காட்டியையே பின்பற்றினர். அது புதிய நாட்காட்டிக்குப் பதினொரு நாள் பின்தங்கியது. ஒரே கடற்கரையில், ஒரே போரில், இரு சாராரும் இரு வேறு தேதிகளில் வாழ்ந்தனர். ஆனால் இரு கோட்டைகளுக்கும் வெளியே இருந்த தமிழ் மக்களுக்கு அது அட்சய ஆண்டு புரட்டாசி மாதம். தமிழ்க் கணக்கையும் ஐரோப்பியக் கணக்கையும் ஒருங்கே எழுதிய ஏடு, ஆய்வாளருக்கு எத்துணை உதவி என்பதை எளிதில் உணரலாம்.

நினைந்து எழுதிய நூலோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். அதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை; மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா இருக்கின்றார். நாகூர்த் தமிழ்ப் பெண்ணை மணந்த அரபியர் ஒருவரின் வழிவந்தவர் அவர். மலாக்கா வணிகருக்குத் தமிழ் இன்றியமையாததாக இருந்த காலத்தில், சிறுவராக இரண்டரை ஆண்டு தமிழ் பயின்றவர். அவருடைய தன்வரலாறாகிய ‘ஹிகாயத் அப்துல்லா’ 1849இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. மலாய் உரைநடைக்கு அது ஓர் அணிகலன். மனிதரின் தோற்றமும் பேச்சும் தெருவின் ஓசையும் அதிலே உயிரோடு நிற்கின்றன. ஆனால் காலவரிசையில் பிழைகள் உண்டென ஆய்வாளர் சுட்டியுள்ளனர். 1819இல் இராபிள்சு சிங்கப்பூரில் இறங்கியபோது அவர் அங்கே இல்லை. அப்பகுதி பிறர் சொல்லக் கேட்டு எழுதியதே. அப்துல்லாவின் திறமையில் குறையில்லை. ‘என்ன’ என்பது நிற்கும், ‘எப்போது’ என்பது நழுவும் என்ற பொதுவிதிக்கு அவரும் உட்பட்டார், அவ்வளவே.

ஏட்டின் குறைகள்

நாட்குறிப்பு பிழையற்றது என்று கருதிவிடலாகாது. பிள்ளையவர்கள் தம்மைப் பிறர் புகழ்ந்த சொற்களை விடாமல் எழுதுகின்றார். கனகராய முதலியாரிடமும் துய்ப்ளேயின் மனைவியாரிடமும் அவருக்கு இருந்த மனக்கசப்பு பல இடங்களில் வெளிப்படுகின்றது. சோதிடத்திலும் நற்குறி தீக்குறிகளிலும் அவர் கொண்ட நம்பிக்கை, நிகழ்ச்சிகளுக்கு அவர் கூறும் காரணங்களை நிறம் மாற்றுகின்றது. மாண்டோர் தொகை, படைகளின் தொகை முதலியன ஊர்ப்பேச்சில் வந்தபடியே ஏறியிருக்கின்றன. நெடுங்காலக் குறிப்புகள் சில கிடைக்காமலும் போயின.

ஆயினும் அக்குறைகளையும் ஏடே காட்டிக் கொடுக்கின்றது. இன்று ஒருவரைப் போற்றி எழுதியவர் நாளை அவரையே தூற்றி எழுதுகின்றார். முன் எழுதியதை அடித்துத் திருத்தி ஒழுங்கு செய்யவில்லை. மனித நினைவோ முன்னைய கருத்தை ஓசையின்றித் திருத்திவிட்டு, எப்போதும் அப்படியே எண்ணியிருந்ததாகச் சாதிக்கும். எழுத்து அத்திருத்தத்துக்கு இடம் தருவதில்லை.

நடையும் அத்தகையதே. பிரெஞ்சு, போர்த்துக்கீசியம், பாரசீகம், தெலுங்கு ஆகிய மொழிச் சொற்கள் கலந்த, அந்நாளைய பேச்சுத் தமிழில் அது எழுதப்பட்டது. இலக்கணம் நோக்கினோர் முகம் சுளிக்கலாம். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ் வணிகர் எப்படிப் பேசினார் என்று அறிய விரும்புவோருக்கு அதனினும் பெரிய செல்வம் வேறில்லை.

ஏடு பிழைத்த கதை

துய்ப்ளே சென்ற பின் பிள்ளையின் செல்வாக்கு தேய்ந்தது, பதவியும் போயிற்று, உடல் நலிந்தது. 1760இல் ஆங்கிலேயர் மீண்டும் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். ஊரில் பசி தலைவிரித்தாடிற்று. 1761ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், தம் 51ஆம் வயதில் அவர் காலமானார். நான்கு நாள் கழித்து, சனவரி 16ஆம் நாள், புதுச்சேரி சரணடைந்தது. அவர் கால்நூற்றாண்டாக எழுதிவந்த நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஏடு மட்டும் குடும்பத்தாரிடம் இருந்தது.

பழக்கமும் குடும்பத்தோடு நின்றது. அவர் தம்பியின் மகன் திருவேங்கடம் பிள்ளையும், பின்னர் அம்மரபில் வந்த முத்து விசய திருவேங்கடம் பிள்ளையும் நாட்குறிப்பு எழுதினர். புதுச்சேரியில் காவல் நயினாராக இருந்த இரண்டாம் வீராநாயக்கரும் 1778 முதல் 1792 வரை எழுதினார். ஒருவர் தொடங்கிய வழக்கம் ஓர் ஊரின் வழக்கமாயிற்று.

பிள்ளையின் ஏடுகள் 1846ஆம் ஆண்டில் கல்லுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டன. அவரும் ஏரியல் என்பாரும் படிகள் எடுத்தனர். ஏரியல் எடுத்த படி பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசாங்கத்தார் 1904 தொடங்கி 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். தமிழ் மூலம் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியதோ 1948ஆம் ஆண்டில்தான். தமிழர் தமிழில் எழுதியதைத் தமிழர் படிக்குமுன் ஆங்கிலம் அறிந்தோர் படித்து முடித்துவிட்டனர். பின்னர் அவ்வேட்டைத் துணைக்கொண்டு பிரபஞ்சன் எழுதிய ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற புதினங்கள், பல்லாயிரம் வாசகரிடம் பிள்ளையவர்களைக் கொண்டு சேர்த்தன. ‘வானம் வசப்படும்’ 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

இலண்டன் சாமுவேல் பெப்பிசுவோடு பிள்ளையை ஒப்பிடுவது வழக்கம். பெப்பிசு 1660 முதல் 1669 வரை, பிறர் படிக்க இயலாதபடி சுருக்கெழுத்தில் எழுதினார். கண் பார்வை கெட்டுவிடும் என்றஞ்சி நிறுத்தினார். அவர் ஏடும் 1825ஆம் ஆண்டு வரை அச்சேறாமல் கிடந்தது. இருவரும் உலகம் படிக்கும் என்று எழுதியவரல்லர். ஆகவேதான் உலகம் அவற்றை நம்பிப் படிக்கின்றது.

எழுதப்படாத நாள்கள்

நாட்குறிப்பு இருந்தால் என்ன கிடைக்கும் என்பதைப் புதுச்சேரி காட்டுகின்றது. இல்லாவிடில் என்ன இழப்பு என்பதற்கு மலாயாத் தமிழரின் வரலாறே சான்று.

இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைத்தனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கு உழைத்தனர். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களினும் பன்மடங்கு மிகுதியாக ஆசியத் தொழிலாளர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். சில மாத வேலை என்று சொல்லிப் புகைவண்டியில் ஏற்றப்பட்டோர் உண்டு. வழியில் பிடிக்கப்பட்டோர் உண்டு. மனைவி மக்களோடு சென்றோரும் உண்டு. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் முகாம் முகாமாக அவர்கள் மடிந்தனர்.

போர்க்கைதிகளுள் பலர் நாட்குறிப்பு எழுதினர். அகப்பட்டால் கடுந்தண்டனை. மூங்கில் குழாய்களுக்குள் ஒளித்தும் மண்ணில் புதைத்தும் அவற்றைக் காத்தனர். ஆசுதிரேலிய மருத்துவர் டன்லப் எழுதிய போர்க்கால நாட்குறிப்பு 1986ஆம் ஆண்டில் நூலாக வந்தது. எந்த முகாமில் எந்த நாளில் எத்தனை பேருக்கு நோய், எவர் மாண்டார், என்ன உணவு என்பதை இன்றைக்கும் அத்தகைய ஏடுகளிலிருந்து நாள்வாரியாக அறியலாம். மாண்ட கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன.

தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய ஏடு இல்லை. எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கு ஆய்வாளர் கூறும் தொகைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுகின்றன. மீண்டு வந்தோர் சொன்ன நினைவுகள் உண்டு. அந்நினைவுகளிலிருந்து ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற புதினங்கள் பிறந்தன. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்துச் சொல்லும் நினைவு எப்படி இருக்கும் என்பதை மேலே கண்டோம். பசியும் பிணமும் மழையும் நிற்கும். நாள் நிற்பதில்லை, முகாமின் பெயர் மயங்கும், நூறு நாள் ஒரே நாளாகத் திரண்டுவிடும். பெயர்களோ பெரும்பாலும் போய்விட்டன.

எழுத்தறிந்தோர் குறைவு, தாள் இல்லை, எழுத ஓய்வில்லை என்பன உண்மையான காரணங்கள். அவர்களைக் குறை கூற யாருக்கும் தகுதியில்லை. ஆனால் போருக்கு முன்னும் பின்னும், அமைதியான ஆண்டுகளிலும், தோட்ட வாழ்வைத் தோட்டத்தார் எழுதி வைத்தது மிகக் குறைவு. கிராணியாரின் செக்ரோல் இருந்தது. யார் பெரட்டுக்கு வந்தார், எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி என்பதை அது சொல்லும். அவர் மாலையில் எந்தப் பாட்டைப் பாடினார், பிள்ளைக்கு ஏன் அப்பெயரை வைத்தார், ஊரிலிருந்து வந்த கடிதத்தை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் என்பதை அது சொல்லாது. நிருவாகம் தனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டது. மக்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளவில்லை. லயங்கள் இடிந்து, தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறிய பின்னர், எஞ்சியது நிருவாகத்தின் கணக்கு மட்டுமே.

ஆசிரியர் செய்யத்தக்கது

பள்ளிகளில் நாட்குறிப்பு எழுதும் பயிற்சி புதிதன்று. காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்கு வந்தேன் என்று மாணவர் நாள்தோறும் எழுதுவதை ஆசிரியர் அனைவரும் கண்டிருப்பர். அது நாட்குறிப்பன்று. எல்லா நாளுக்கும் பொருந்துவது எந்த நாளையும் காப்பதில்லை. லின்டன் அம்மையாரின் நினைவில் கலந்துபோன கூட்டங்களைப் போல அந்த வரிகளும் ஒன்றாகிவிடும். நேற்றினின்று இன்று எதனால் வேறுபட்டது என்று கேட்டால் மாணவன் சிந்திப்பான். மழையால் பால்வெட்டு நின்றது. பாட்டி ஒரு பழைய சொல்லைச் சொன்னாள். கடையில் சீனி விலை ஏறிற்று. வகுப்பில் ஒருவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். நான்கு வரி போதும். யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ‘எப்போது’ என்பது முதலில் இருக்க வேண்டும். ஏனெனில் அதை மனம் தராது.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. பிள்ளையவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதியது, அதனை எவரும் திருத்தி மதிப்பெண் இடமாட்டார் என்பதால். மாணவரின் ஏட்டில் ஆசிரியர் எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்தத் தொடங்கினால், மறுநாள் முதல் பிள்ளை பிழையற்ற வாக்கியத்தை எழுதுவான், உண்மையை எழுதமாட்டான். ஏடு எழுதப்பட்டதா என்று பார்த்தல் வேண்டும்; உள்ளே புகுந்து படித்தல் வேண்டா.

முதலில் ஆசிரியரே எழுதுதல் நன்று. தோட்டத்திலும் சிற்றூரிலும் எழுத்தறிவோடு நாள்தோறும் மக்கள் நடுவே வாழ்பவர் ஆசிரியரே. அவர் காதில் விழுவன பல. கண்ணில் படுவன பல. ஓய்வு பெற்ற பின் எழுதலாம் என்று ஒத்தி வைப்போருக்கு, அப்பொழுது எழுத நேரம் இருக்கும். எழுத வேண்டியது இராது.

ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த மாளிகை புதுச்சேரியில் இன்றும் நிற்கின்றது. அவர் ஈட்டிய பொருளும், அடைந்த பட்டங்களும், அமர்ந்து சென்ற பல்லக்கும் போயின. இரவில் விளக்கின் முன் அமர்ந்து, அன்று எந்தக் கப்பல் வந்தது என்று எழுதிய வரி நிற்கின்றது.